நிற்கக்கூடாத நுரை

"உங்க கிச்சனை நான் பார்க்கணும்."

கேட்டேவிட்டாள். பரிமாறுகிறவர் தண்ணீர் ஜாடியைப் பாதி சாய்த்தபடி அப்படியே நின்றார். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் மெனு அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். அண்ணி மட்டும், "ஆரம்பிச்சாச்சா?" என்று மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டில் அவளுக்கு எத்தனையோ தடைகள். பாதியை அவள் பாவாடை கட்டிய வயதிலேயே மீறியாயிற்று. ஆனால் இந்த ஒன்றை அம்மா சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தாள். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போ, என்ன வேண்டுமானாலும் கேள், சமையலறையைக் காட்டு என்று மட்டும் கேட்காதே. அம்மா வாலிபத்தையெல்லாம் ஓட்டல்களில் பாத்திரம் தேய்த்தே கழித்தவள். சாப்பிட வந்த யாரோ உள்ளே எட்டிப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனால், முதலாளியின் வசவு முழுக்க அன்றைக்குத் தேய்ப்பவள் தலையில்தான் இறங்கும். வாங்கிப் பழகியவள் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டதோடு சரி.

"வெளியாட்களை உள்ளே விடறதில்லைங்க," என்றார் பரிமாறுகிறவர்.

"நான் வெளியாள் இல்ல. நீங்க வைக்கிறதைத் திங்கப்போறவ."

அவர் அண்ணனைப் பார்த்தார். பெண் ஒன்று கேட்டால் பக்கத்தில் இருக்கிற ஆணைப் பார்ப்பது சில பேருக்கு ரத்தத்திலேயே ஊறியது. அண்ணன் அட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. அதற்குள் அவள் எழுந்து போயேவிட்டாள்.

உள்ளே ஒரே அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் கம்பிக்கூடையில் நூடுல்ஸை அள்ளி எடுத்து உதறிவிட்டு, அதே தண்ணீரில் நறுக்கிய காய்களை முக்கினார்.

"அந்தக் காய்தான் எனக்கு வரப்போகுதா?"

"ஆமாம்மா. கோதுமையே கிடையாது. வெறும் காய்."

"தண்ணியில என்ன வெந்துச்சு இதுக்கு முன்னாடி?"

"நூடுல்ஸ்... அட, தண்ணியில கூடவா?"

"தண்ணியில கூட."

சமையல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாவம்மா நீ" என்றார். அது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம் என்று சொல்கிறவர்களில் ஒருவர்கூட வேறு பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்ததில்லை. இவரும் வைக்கவில்லை. கடைசியில் ஓட்டோடு வேகவைத்த முட்டை கிடைத்தது. அதைத் தன் கையால் உரித்துத் தின்றாள். பயணத்தில் முட்டையை விட்டால் வாழைப்பழம், வாழைப்பழத்தை விட்டால் முட்டை. கடவுள் அவளை நினைத்துத்தான் இரண்டுக்கும் தோல் வைத்திருக்க வேண்டும்.

"குடிக்க ஏதாவது? பீர் இருக்கு," என்றார் பரிமாறுகிறவர், சமாதானமாக.

"பார்லியும் கோதுமையும் இல்லாத பீர் இருக்கா?"

"அப்போ அது பீரே இல்லையேங்க!"

அண்ணன் மெனு அட்டையைக் கீழே வைத்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. வியாபாரம் என்று வந்தால் அவனுக்கு வெட்கம் பறந்துவிடும். "அடுத்த மாசம் உங்க கடையிலயே இருக்கும் பாருங்க. பேர் ஞாபகம் வச்சுக்கோங்க. தங்கச்சி."

* * *

அவளுக்கு இருப்பது சீலியாக் என்ற நோய். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் போதும், அவள் உடம்பே அவள் சிறுகுடலைப் பிறாண்ட ஆரம்பித்துவிடும். கல்லூரி விடுதியில் ரொட்டி தின்று தின்று, எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் வீங்கி வீட்டில் வந்து விழுந்தபோது சொந்தக்காரர்கள் காதல் தோல்வி என்றார்கள். சித்தி ஒருத்தி அதற்கும் ஒரு படி மேலே போய் அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன பிறகும், "பேரைப் பாரு, பணக்கார வியாதி" என்று சிரித்தவர்கள் உண்டு.

சிரிக்காதவன் அண்ணன் ஒருவன்தான். அன்றைக்கே வீட்டிலிருந்த மாவு டப்பாவைத் தெருக்கோடிக்குத் தூக்கிப் போய்க் கொட்டிவிட்டு வந்தவன் அவன்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பெரிய பீர் ஆலை ஒன்றில் பாட்டில் கழுவப் போனவன். அவன் கழுவிய பாட்டிலில்தான் இவள் பட்டம் வாங்கினாள். அவனே சொல்லுவான், வருகிறவர் போகிறவரிடமெல்லாம். அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. நொதித்தல் படித்துவிட்டு வந்தாள். அண்ணன் மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தான். முளைகட்டிய சோளத்தையும் கம்பையும் வைத்து அவள் வடித்த பீருக்கு 'தங்கச்சி' என்று பெயரும் வைத்தான். பாட்டில் மேல் ஒரு வாசகம்: 'கோதுமை சாப்பிட முடியாத ஒரு தங்கச்சி, தன்னைப் போன்றவர்களுக்காகச் செய்தது.' அதைப் படித்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் விற்றது.

விற்கும் முறையும் அண்ணன் கண்டுபிடித்ததுதான். போகிற இடமெல்லாம் முதல் கிளாஸை அவள் குடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று அவன் சொல்லுவான்: "பாருங்க, என் கூடப் பொறந்தவளே குடிக்கிறா. இதுக்கு மேல என்ன சான்று வேணும்?"

ஒரே ஒரு குறை, நுரை நிற்காது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற புரதம்தான் நுரையைத் தாங்கிப் பிடிப்பது. அது இல்லாத 'தங்கச்சி'யை ஊற்றினால் நுரை பொங்கும், பிறகு பெருமூச்சு விட்டதுபோல் அடங்கிவிடும். இன்றைக்குப் போகிற பெரிய ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் போன தடவை முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "இதென்ன, கிளாஸ் கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

அந்த ஓட்டலுக்கு ஏகப்பட்ட கிளைகள். அங்கே நுழைந்துவிட்டால் ஐஸ் தொழிற்சாலை பிழைக்கும். இல்லையென்றால் திரும்பவும் பூட்டு. இதை அண்ணன் ஒரு மாதமாகப் போனில் ஓதிக்கொண்டே இருந்தான். அந்த மாதம் முழுக்க அவள் ஊரில் இல்லை. நுரைக்கு வழி தேடத்தான் வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் பயிற்சிக்குப் போயிருந்தாள். அனுப்பி வைத்தவனும் அவன்தான். அவள் தங்கியிருந்த விடுதியில் மூன்று வேளையும் ரொட்டி. அவள் மூன்று வேளையும் தன் அறையில், தன் சட்டியில், தன் சோற்றை வேகவைத்துத் தின்றாள். முந்தாநாள்தான் திரும்பியிருந்தாள்.

"பாப்பா," என்றான் அண்ணன், வேனைக் கிளப்பிக்கொண்டே. "இன்னிக்கு நீ ஊத்த வேணாம். அண்ணி ஊத்தட்டும். நீ பேசு, போதும்."

"ஏன்?"

"படிச்சவ பேசினா எடுபடும்ல."

"படிச்சவளா? சாப்பாட்டுக் கடையில என்னைத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்த?"

"அந்த மனுஷன் பதறிப்போயிட்டாரு. கொஞ்சம் பதமாக் கேட்கக் கூடாதா?"

"பதமாக் கேட்டா பதமா விஷம் வைப்பாங்க."

"அடேங்கப்பா," என்றாள் அண்ணி. "வாயில கத்தியை வச்சுக்கிட்டே பொறந்திருக்கா. இவளைக் கட்டிக்கப்போறவன் பாவம்."

"அவனையும் கிச்சன்ல வச்சுப் பார்த்துட்டுத்தான் கட்டிக்குவேன் அண்ணி."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. வேனின் பின்னால் ஐஸ் பெட்டிக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

* * *

ஓட்டல் மாடியில் ஒரு சின்ன விருந்தறை. வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை. ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளம், அதில் யாருமில்லை. தலைமைச் சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். மேசையின் தலைமாட்டில் கொள்முதல் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நரைத்த தலையைச் சாயம் பூசி மறைக்காத பெண்மணி. அவருடைய கைப்பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தின் காம்பு எட்டிப் பார்த்தது.

அதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதானா அந்தத் தங்கச்சி?" என்றார் அதிகாரி.

"ஆமா மேடம். வீட்லயும் அதே பேர்தான். சம்பளம்தான் கிடையாது."

அதிகாரி சிரித்தார். "எனக்கும் இருக்கு. உனக்கு இருக்கிறதுதான். இந்த வேலையில ஊர் ஊராச் சுத்தணும். போன மாசம் ஒரு இடத்துல, சூப்புல ஒண்ணுமே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாங்க. கெட்டியா வரணும்னு மைதா ஒரு கரண்டி கரைச்சு ஊத்தினது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. மறுநாள் விமானத்துல... சரி, விடு."

"டாய்லெட்லயேதான் வந்தீங்களா?"

அண்ணி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். அதிகாரி மட்டும் கொஞ்சமும் கூச்சப்படாமல், "கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாங்கம்மா" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மற்ற மூவரும் சேர முடியவில்லை. சேர வேண்டுமானால் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பேருந்து நிலையத்தில் பூட்டிய கழிவறைக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும்.

அதிகாரி தன் திட்டத்தைச் சொன்னார். ஒவ்வொரு கிளையிலும் தங்களைப் போன்றவர்களுக்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி, தனி மேசை. பயணம் வருகிறவர்கள் யாரையும் கெஞ்சாமல் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்.

"சாப்பாட்டைக்கூடச் சமாளிச்சிடுவேன்," என்றார். "ஆனா வேலை முடிஞ்சு எல்லாரும் கிளாஸைத் தூக்கும்போது நான் மட்டும் தண்ணியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன் பாரு, அதான் எரிச்சல். கடைசியா பீர் குடிச்சது எப்போன்னு எனக்கு ஞாபகமே இல்ல. ஊத்துங்க, பார்க்கலாம்."

அண்ணி ஐஸ் பெட்டியைத் திறந்தாள். மேலாக இருந்த பாட்டிலை எடுத்து அதிகாரிக்கும் சமையல்காரருக்கும் அண்ணனுக்கும் ஊற்றினாள். பிறகு குனிந்து பெட்டியின் அடியில் கைவிட்டு, துண்டில் சுற்றியிருந்த வேறொரு பாட்டிலை எடுத்தாள். அதைத் தங்கச்சிக்கு ஊற்றினாள்.

"அடடே!" என்றார் சமையல்காரர். கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு மேசைக்கு வந்தார். "நுரையைப் பாருங்க மேடம். என்னம்மா நிக்குது! கண்டுபிடிச்சிட்டீங்களே!"

நின்றது. வெள்ளை வெளேரென்று, விரல் பருமனுக்கு, கிளாஸின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. சமையல்காரர் கிளாஸைச் சாய்த்தார். நுரை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழுக்கியது.

அவள் தன் கிளாஸைப் பார்த்தாள். அதில் நுரை எப்போதோ அடங்கிப்போயிருந்தது. குளம் போல் அசையாமல் கிடந்தது பீர்.

ஒரே பெயர், ஒரே வாசகம், ஒரே பெட்டி. அவர்கள் கிளாஸில் நிற்கிற நுரை இவள் கிளாஸில் நிற்கவில்லை.

பயிற்சியில் ஒரு மாதம் முட்டி மோதியும் அவளால் இப்படி ஒரு நுரையைச் சோளத்திலிருந்து எடுக்க முடியவில்லை. கம்பிலிருந்தும் முடியவில்லை. அவளுடைய வாத்தியார்களாலும் முடியவில்லை. இதை முடித்தவன் பாட்டில் கழுவியவன் என்றால், அவன் என்ன போட்டிருப்பான் என்று கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை.

அதிகாரி கிளாஸைத் தூக்கிவிட்டார். வாய்க்குக் கொண்டு போகிறார்.

"மேடம், ஒரு நிமிஷம்." அவள் எட்டி அந்தக் கிளாஸை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். மூக்கருகே பிடித்தாள். சோள பீரின் புளித்த புல் வாசனை மேலே இருந்தது. அடியில், அதற்கும் அடியில், அப்போதுதான் சுட்டெடுத்த ரொட்டியின் மணம். எத்தனை வருடமானாலும் அவள் மறக்கக்கூடிய மணமா அது?

"எங்க வழக்கப்படி முதல் கிளாஸ் நான்தான் குடிக்கணும்," என்றாள். "இதையே குடிக்கிறேனே. குடிக்கட்டுமா அண்ணா?"

கிளாஸ் உதட்டைத் தொடப்போனது.

"வேணாம்!"

அறையே அதிர்ந்தது. அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேசைக்கு மேலாகப் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். பீர் விரிப்பில் கொட்டியது. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் வேணாம்?" என்று கேட்டார் அதிகாரி. குரலில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அது... காலையிலேர்ந்து அவளுக்கு உடம்பு சரியில்ல மேடம். வழியில எதையோ சாப்பிட்டா..."

"முட்டை சாப்பிட்டேன்," என்றாள் அவள். "ஓட்டோட வெந்தது."

அதிகாரி நுரை நின்ற கிளாஸையும் பார்த்தார். நுரை அடங்கிய கிளாஸையும் பார்த்தார். அத்தனை வருடம் ஊர் ஊராக ஏமாந்தவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "பேசிட்டுச் சொல்லுங்க. நான் வராந்தாவுல இருக்கேன்." சமையல்காரரையும் கண்ணாலேயே கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

* * *

"என்ன போட்ட?"

அண்ணன் விரிப்பில் கொட்டியதைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, என்ன போட்ட?"

"கோதுமை," என்றாள் அண்ணி. "முளைகட்டினது. கொஞ்சம்தான்."

"எனக்கு எவ்வளவு போதும்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி? தட்டைத் தனியா வச்சீங்க, கரண்டியைத் தனியா வச்சீங்க. கைகழுவாம என் சட்டியைத் தொட்டதுக்கு உங்க அம்மாவையே சத்தம் போட்டீங்க."

அண்ணி ஐஸ் பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"அவளை ஏன் கேட்கிற? என்னைக் கேளு," என்றான் அண்ணன். நிமிர்ந்து பார்த்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. "உனக்கு நான் குடுப்பேனா பாப்பா? அதை நினைச்சுப் பார்த்தியா? பழைய சரக்குல உனக்குன்னு தனியா எடுத்து ஒதுக்கி வச்சேன். துண்டுல சுத்தி, கலந்துடக் கூடாதுன்னு அடியில வச்சுக் கொண்டுவந்தேன். உன் வாயில ஒரு சொட்டு படாமப் பார்த்துக்கிட்டேன்ல?"

அவன் அதை நியாயம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. மெய்யாகவே சொன்னான். இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது அவன் முகம். அவன் பொய் சொல்லியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

"என் வாயில படக்கூடாது. அந்தம்மா வாயில பட்டா பரவாயில்ல?"

"அவங்களுக்கு என்ன? ஒரு நாள் வயிறு வலிக்கும். ஒரு மாத்திரையைப் போட்டா தீர்ந்துது."

"மாத்திரையா? இதுக்கு மாத்திரை கிடையாது. அதை எனக்குச் சொன்னதே நீதான். ஆஸ்பத்திரியில நான் மயக்கமாக் கிடந்தேன். டாக்டர் சொன்னது பூராவும் உன்கிட்ட. குடல் எப்படி அரிச்சுப்போயிருக்குன்னு அவர் படம் வரைஞ்சு காட்டினதை நீதான் எனக்குத் திரும்ப வரைஞ்சு காட்டின."

அண்ணன் நனைந்த கைக்குட்டையை மேசை மேல் போட்டான்.

"ஒரு மாசம் என்னை வெளியூருக்குத் துரத்தினது இதுக்குத்தானா?"

"இல்ல! சத்தியமா இல்ல. உன்னால முடியும்னுதான் அனுப்பினேன். போன்ல நீ முடியல முடியலன்னு சொன்ன. ஓட்டல்காரங்க தேதி குடுத்துட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? மறுபடியும் பாட்டில் கழுவப் போகட்டுமா? என் கையைப் பாரு." நீட்டினான். பாட்டில் கழுவும் காரத்தண்ணீரில் வெந்து வெளுத்த விரல்கள். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த விரல்கள். "இதை வச்சுத்தான் உன்னைப் படிக்க வச்சேன்."

"தெரியும். ஊருக்கே தெரியும். நீ சொல்லாத ஆள் பாக்கி இல்ல." அந்தக் கையை விலக்கினாள். "அதை நான் வாழ்நாள் முழுக்கத் திருப்பித் தரேன். என் உழைப்பை எடுத்துக்கோ. என் பேரை எடுத்துக்கோ. என்னைக் காட்சிப்பொருளா நிறுத்தி வச்சுக் குடிக்கச் சொன்ன, அதுக்கும் சரின்னேன். ஆனா ஊரான் குடலை எடுத்து உனக்குத் தர எனக்கு உரிமை இல்ல அண்ணா."

"பெரிய பேச்சுப் பேசாதே. படிச்ச திமிரு."

"ஆமா. திமிரு வரட்டும்னுதானே படிக்க வச்ச?"

அண்ணன் குரலைத் தணித்தான். "இங்க பாரு. இது இந்த ஒரு கிளாஸோட போகட்டும். பாட்டில் மாறிப்போச்சுன்னு சொல்லிடலாம். ஊருக்குப் போனதும் அந்தச் சரக்கு பூராவும் சாக்கடையில கொட்டிடறேன். உன் மேல ஆணையா."

"பூராவும் எப்படிக் கொட்டுவீங்க?" என்றாள் அண்ணி.

அண்ணன் அவளை முறைத்தான். அண்ணி ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"அதான் போயிடுச்சே. நேத்தே லாரியில ஏத்திட்டோமே. அந்தச் சங்கத்துக்கு."

"எந்தச் சங்கம்?" என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சீலியாக் நோயாளிகள் ஒன்றுசேர்ந்து வைத்திருக்கிற சங்கம். அடுத்த ஊரில் வருடாந்தரக் கூட்டம். குழந்தை குட்டிகளோடு வெளியூர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். அன்று ஒரு நாள் மட்டும் யாரையும் எதுவும் கேட்காமல், பயப்படாமல் சாப்பிடலாம், குடிக்கலாம். செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். பயிற்சிக்குப் போகுமுன் அவளே அவரிடம் போனில் பேசியிருந்தாள். 'நீயே செஞ்சதாம்மா? அப்போ நாங்க சோதனைகூடப் பண்ணமாட்டோம். எங்க பிள்ளை செஞ்சது' என்றிருந்தார். கூட்டம் இன்று மாலை.

"என்னை நம்பி வாங்கினாங்க," என்றாள். அறையில் இருந்த யாரிடமும் அல்ல.

"பாப்பா, பொறு. யோசிச்சுச் செய்யலாம்..."

அவள் போனை எடுத்தாள். வாத்தியார் எண்ணுக்கு அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. செய்தியைத் தட்ட ஆரம்பித்தாள். 'பாட்டில்களைத் திறக்காதீங்க. கோதுமை இருக்கு. யாருக்கும் குடுக்காதீங்க. நான் நேர்ல வர்றேன்.'

அண்ணன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். "அனுப்பிடாதே. எழுத்துல அனுப்பிட்டா அவ்வளவுதான். லைசென்ஸ் போயிடும். ஜெயில்ல போடுவாங்க. என்னை, உன் அண்ணனை." கை நீட்டினான். பிடுங்கவில்லை. பிடுங்க அவனால் முடிந்திருக்கும். நீட்டிய கையோடு நின்றான்.

அனுப்பினாள்.

அவள் அவனைத் திட்டுவாள் என்று அண்ணி நினைத்திருக்க வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் திட்டவில்லை. தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இப்போ வெளியே போனா வீட்டுப் பக்கம் வராதே," என்றான் அண்ணன். கண்களில் நீர் தளும்பி நின்றது. "அம்மாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"உண்மையைச் சொல்லு. வேற எதைச் சொன்னாலும் அம்மா என்னைக் கேட்பா."

வராந்தாவில் அதிகாரி சுவரோரம் நின்றிருந்தார். வாழைப்பழத்தைப் பாதி உரித்து, தின்னாமல் கையில் வைத்திருந்தார்.

"அதுல கோதுமை இருக்கு மேடம். எங்க வீட்டு ஆளுங்கதான் போட்டாங்க. பாட்டில் எதுவும் மாறல. உங்ககிட்ட யாராவது வந்து மாறிப்போச்சுன்னு சொன்னா நம்பாதீங்க."

அதிகாரி அவள் முகத்தையே பார்த்தார். "உன் கிளாஸ்ல இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

"அது நான் செஞ்சது. நுரை நிக்காது."

"பாப்பா!" பின்னாலிருந்து அண்ணனின் குரல். செருப்புச் சத்தம் இரண்டடி வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கினாள். இறங்கிக்கொண்டே மூன்றாம் முறையாக வாத்தியாருக்கு அழைத்தாள்.

வாசலில் சல்யூட் அடித்த காவல்காரரிடம், "பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவர் கை நீட்டிய திசையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அனுப்பிய செய்தியை இன்னும் யாரும் படிக்கவில்லை.

நடக்க ஆரம்பித்தவள், நாலடியில் ஓடினாள்.